‘ஆமா கர்மா’ என்றான் அந்தப் பையன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழின் சென்னைப் பக்கத்தில் வந்த ஒரு படத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நகரத்துக் கிறிஸ்தவச் சபை ஒன்றின் வாலிபர்கள் பதினான்கு பேர் கம்போடியா போய், குழந்தைகள் இல்லம் ஒன்றில் ஒன்பது நாள் ஊழியம் செய்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே நிற டீ-ஷர்ட். ஆளுக்கு ஒரு குழந்தை இடுப்பில். ‘ஆதரவற்ற குழந்தைகளுடன் சென்னை இளைஞர்கள்’ என்று கீழே போட்டிருந்தது. இளைஞர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. குழந்தைகளின் பெயர் ஒன்றுகூட இல்லை; முகம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

போய்வந்த பிள்ளைகளை நான் குறை சொல்ல வரவில்லை. அந்த இல்லம் எப்படிப்பட்டது என்பதும் எனக்குத் தெரியாது. நன்றாக நடக்கிற இடமாகவே இருக்கலாம். ஆனால் படத்தில் ஒரு ஆள் விட்டுப்போயிருக்கிறார். கேமராவுக்குப் பிடிபடாமல், கொஞ்சம் ஓரமாக, கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருப்பார். அவர்தான் மொழிபெயர்ப்பாளர். அந்த ஓரத்தில் பதினான்கு வருஷம் நின்றவள் என்பதால் சொல்கிறேன்.

நான் அயனாவரத்துக்காரி. பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். வயது அறுபத்தெட்டு. 1998 முதல் 2012 வரை, செங்குன்றத்தைத் தாண்டி இருந்த ஓர் இல்லத்துக்கு வெளிநாட்டுக் குழு வரும்போதெல்லாம் என்னை மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள். இல்லத்தின் பெயர் வேண்டாம்; இப்போது அது இல்லை. அமெரிக்கா, கொரியா, நார்வே என்று ஜூலையில் ஒரு கூட்டம் வரும், கிறிஸ்துமஸை ஒட்டி இரண்டு கூட்டம் வரும். நாளுக்கு முந்நூறு ரூபாய், மதியச் சாப்பாடு, போக வர வேன். நான் ஊழியமாக நினைத்துத்தான் போனேன். முந்நூறு ரூபாயையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மொழிபெயர்ப்பு என்றால் சொன்னதை அப்படியே சொல்வது என்று நினைப்பீர்கள். நானும் முதல் வருஷம் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், குழுவில் வந்திருந்த அம்மா ஒருவர் எட்டு வயதுப் பையனிடம், இங்கே சாப்பாடு பிடித்திருக்கிறதா என்று கேட்டார். அவன் யோசிக்காமல், “நேத்து சாம்பார்ல பூச்சி கெடந்துச்சு மிஸ்” என்றான். பக்கத்தில் நிர்வாகி நிற்கிறார். அவருக்குத் தமிழும் தெரியும், ஆங்கிலமும் தெரியும். சாம்பார் ரொம்பப் பிடிக்குமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா பையனின் தலையைத் தடவிக் கொடுத்தார். பூச்சி கிடந்ததற்கு ஏன் தலையைத் தடவுகிறார்கள் என்று புரியாமல் அவன் என்னையே பார்த்தான்.

அப்புறம் பழகிவிட்டது.

ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தாள். ஒரு ஜூலையில் வந்த கல்லூரி மாணவி பத்து நாளும் இவளைக் கீழே இறக்கியே விடவில்லை. கிளம்புகிற அன்று தன் தலையிலிருந்த பச்சை கிளிப்பைக் கழற்றி இவள் தலையில் குத்திவிட்டாள். “அக்கா திரும்ப வருமான்னு கேளுங்க மிஸ்” என்றாள் குழந்தை. கேட்டேன். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படிப்பு முடிய வேண்டும், பணம் சேர வேண்டும், கர்த்தருக்குச் சித்தமானால் பார்க்கலாம் என்றாள். நேர்மையான பதில்தான். அதைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “கிறிஸ்துமஸுக்குக் கண்டிப்பா வருவாங்க” என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பரில் எங்கள் வேன் உள்ளே திரும்பும்போது அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிளிப்பில் ஒரு பல் உடைந்திருந்தது, ஆனாலும் குத்தியிருந்தாள். வந்தவர்கள் வேறு தேசம், வேறு ஆட்கள். இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியாக இறங்கிய ஒரு பெண்ணிடம் ஓடிப்போய், பழைய அக்காவின் பெயரைச் சொல்லிக் காலைக் கட்டிக்கொண்டாள். அடுத்த ஜூலையிலும் அப்படித்தான். அதற்கப்புறம் வந்த அத்தனை பெண்களுக்கும் அவளிடத்தில் அந்த ஒரே பெயர்தான். குழுவினர் இதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். எவ்வளவு அன்பான குழந்தை என்று சாட்சியில் சொன்னார்கள். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

தெரியாத ஆளைக் கண்டால் அம்மாவின் முந்தானைக்குள் போய் ஒளிவதுதான் சின்னப் பிள்ளையின் இயல்பு. யார் வந்தாலும் ஓடிவந்து ஒட்டிக்கொள்கிற பிள்ளையைப் பார்த்தால் நமக்கு மனசு கரைகிறது. ஆனால் அந்த ஒட்டுதலுக்குப் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. பி.எட். படிக்கும்போது ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பவுல்பியின் பெயரைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவள் நான். 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அவர் கொடுத்த அறிக்கையிலேயே, உடம்புக்கு வைட்டமினும் புரதமும் எப்படியோ அப்படித்தான் குழந்தையின் மனசுக்குத் தாயன்பு என்று சொல்லியிருந்தார். பின்னால் ருமேனியாவில், புக்காரெஸ்ட் நகரத்து இல்லங்களில் கிடந்த 136 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்துப் பார்த்தார்கள். 2000-இல் தொடங்கிய ஆய்வு அது. குடும்பத்துக்குப் போன பிள்ளைகள், அதிலும் இரண்டு வயதுக்கு முன்னால் போனவர்கள், மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். அந்த வயதுக்கு வேண்டியது மாறாத ஒரே முகம். நாங்கள் வருஷத்துக்கு மூன்று வேன் முகங்களைக் கொண்டுபோய் இறக்கினோம்.

வேறு சில விஷயங்களைச் சிரித்துக்கொண்டேதான் சொல்ல முடியும். அந்த இல்லத்துக் காம்பவுண்டுச் சுவருக்கு ஒவ்வொரு குழுவும் பெயின்ட் அடிக்கும். நீலம், மஞ்சள், அப்புறம் நோவாவின் பேழை, மறுபடியும் நீலம். பூச்சைவிடப் பெயின்ட் தடிமனாகிவிட்டது. அவர்கள் ஏர்போர்ட் போன பிறகு, செங்குன்றத்திலிருந்து பெயின்டர் வந்து ஒழுகியதையெல்லாம் சுரண்டிச் சரி செய்வார். விடுமுறை வேதாகமப் பள்ளி என்று பெயர், ஆனால் விடுமுறை அவர்களுக்குத்தான்; இங்கே பிள்ளைகளுக்கு வேலை நாள். குழு வந்தால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம். பரீட்சைக்கு முந்தின வாரம் பேப்பர் தட்டில் ஒட்டகச்சிவிங்கி வெட்டிக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பையனைப் பார்த்து, வாத்தியார் வேலை பார்க்கிறவளாக என் வயிறு எரிந்தது. நோவா கதையை ஒரே வருஷத்தில் மூன்று முறை கேட்டதால், கதை சொன்ன அண்ணனுக்கே அவன் பேழையின் நீள அகலத்தைத் திருத்தினான்.

2004 சுனாமிக்குப் பிறகு கூட்டம் கூடிப்போனது. கடலையே பார்த்திராத எங்கள் பிள்ளைகளில் பத்துப் பதினைந்து பேர் திடீரென்று ‘சுனாமிக் குழந்தைகள்’ ஆனார்கள். அறிமுகப்படுத்தும்போது நிர்வாகி அப்படிச் சொன்னார், நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அரசாங்கம் அப்போது சுதாரிப்பாகத்தான் இருந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று தத்து கொடுப்பதை நிறுத்தி, நாகப்பட்டினம் போன்ற இடங்களில் அரசு இல்லங்களைத் திறந்தது. அந்தச் சுதாரிப்பு எங்கள் செங்குன்றம் வரைக்கும் எட்டவில்லை.

அறுபது பிள்ளைகள் இருந்தார்கள். எல்லாரும் அநாதைகள் என்றுதான் நான் மொழிபெயர்த்து வந்தேன். ஒரு இரண்டாம் சனிக்கிழமை, மறந்துவிட்டுப் போன குடையை எடுக்கப் பின்வழியாகப் போனபோதுதான் பார்த்தேன். பின் கேட்டில் அம்மாக்கள், பாட்டிகள், ஒரு அப்பா, கையில் தூக்குவாளி, முறுக்குப் பொட்டலம். செங்குன்றம் அரிசி மில்லிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்கிறவர்கள். வெளிநாட்டுக் குழு இருக்கிற சனிக்கிழமை மட்டும் அவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களாம். ஏம்மா இங்கே கொண்டுவந்து விட்டீங்க என்று ஒருவரைக் கேட்டேன். “இங்கிலீஷ் மீடியம்னாங்க, மூணு வேளை சோறுன்னாங்க. எனக்கு மில்லுல நைட் வேலை. பொம்பளப் புள்ளைய யாருகிட்ட விட்டுட்டுப் போறது, நீங்களே சொல்லுங்க” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை மறுபடியும் போய் அநாதைகள் என்றே மொழிபெயர்த்தேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நானே ஒரு முறை போனேன் என்பதுதான் வெட்கக்கேடு. 2014 அக்டோபர், ஆயுத பூஜை லீவு. எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்திலிருந்து பதினோரு பேர் நேபாளம் கிளம்பினார்கள். பெண் பிள்ளைகளும் போவதால் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று என்னையும் சேர்த்தார்கள். ஆளுக்கு 34,000 ரூபாய். ஆராதனை முடிந்ததும் பிரியாணிப் பொட்டலம் விற்றோம், கார் கழுவினோம், வீடு வீடாகக் கேட்டோம். 4,08,000 ரூபாய் சேர்ந்தது. டெல்லி வழியாகக் காத்மாண்டு.

போன நேரம் அங்கே தசைன் பண்டிகை. நமக்குத் தீபாவளியும் பொங்கலும் சேர்ந்தது போல. ஊர்ப்பட்ட ஜனமும் பெரியவர்கள் கையால் நெற்றியில் டீகா வைத்துக்கொள்ளச் சொந்தக் கிராமத்துக்குப் போய்விடும். காத்மாண்டுத் தெருவெல்லாம் வெறிச்சோடிக் கிடந்தது. நாங்கள் போயிருந்த குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகள் மட்டும் எங்கேயும் போகவில்லை, நாங்கள் வருகிறோம் என்று.

அங்கே எனக்கு வேலை இல்லை. முதல் தடவையாக, மொழிபெயர்ப்பு தேவைப்படுகிற ஆளாக நின்றேன். இருபத்தைந்து வயதுத் தம்பி ஒருவர் எங்களுக்கு நேபாளியிலிருந்து ஆங்கிலத்தில் சொன்னார். மூன்றாம் நாள் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே பேச ஆரம்பித்தான். நீளமாகப் பேசினான். கேட்டைக் காட்டினான், மலைப் பக்கம் கையை நீட்டினான். என் காதில் விழுந்தது இரண்டே வார்த்தை: “ஆமா கர்மா”. திரும்பத் திரும்ப, ஆமா கர்மா, ஆமா கர்மா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழ்க் காதுக்கு அது வேறு எப்படிக் கேட்கும்? என்ன சொல்கிறான் தம்பி என்று கேட்டேன். நீங்கள் தசைனுக்கு வந்ததில் ரொம்பச் சந்தோஷமாம் என்றார்.

அவன் பேசியது ஒரு நிமிஷத்துக்கு மேல். மொழிபெயர்ப்பு ஒரே வரி. அந்தக் கணக்கு எனக்குத் தெரியாதா?

அன்று ராத்திரி விடுதியில் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். ஹிந்தி பிரச்சார சபாவில் மத்யமா வரை எழுதியவள் என்பதால் ஏதோ சமாளித்துப் பேசுவேன். அந்தப் பெண் கேட்டுவிட்டுச் சொன்னாள்: ஆமா என்றால் அம்மா. கர் என்றால் வீடு, கர்மா என்றால் வீட்டில். அம்மா வீட்டில் இருக்கிறாள்.

மறுநாள் காலையில் அந்தத் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, “தீதி (அக்கா), எனக்கு மாதச் சம்பளம் இந்த இல்லத்தில்தான்” என்றார். அவரைத் திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை? சாம்பார் பிடிக்கும் என்று சொன்ன வாய்தானே இது.

நான் பார்த்தது ஒரு இல்லம் என்று யாராவது சொல்லலாம். ஊர் திரும்பிய பிறகு தேடித் தேடிப் படித்தேன். நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை உள்நாட்டுச் சண்டை நடந்தபோது, ஹும்லா போன்ற தூரத்து மலை மாவட்டங்களில் தரகர்கள் வீடு வீடாகப் போயிருக்கிறார்கள். காத்மாண்டுவில் நல்ல படிப்பு என்று சொல்லி, பெற்றவர்களிடமே பணத்தையும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை அழைத்து வந்திருக்கிறார்கள். இங்கே வந்ததும் அப்பா அம்மா செத்துவிட்டதாகப் போலிச் சான்றிதழ். அந்த நாட்டில் இல்லங்கள் பெரும்பாலும் காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், பொக்காரா இருக்கிற காஸ்கி, சித்வன் என்று வெளிநாட்டவர் சுற்றிப் பார்க்க வருகிற மாவட்டங்களில்தான் இருக்கின்றன. அநாதைகள் மட்டும் சுற்றுலாத் தலங்களாகப் பார்த்துப் பிறப்பார்களா? 2015 ஏப்ரல் 25-இல் பூகம்பம் வந்து கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் பேர் இறந்தபோது, பிள்ளைகளைப் பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாமல் ஊர்விட்டு ஊர் கொண்டுபோகக் கூடாது, புது இல்லம் பதியக் கூடாது, வெளிநாட்டுக்குத் தத்து கொடுக்கக் கூடாது என்று அந்த அரசாங்கம் தடை போட வேண்டியிருந்தது. அந்த வருஷம் எங்கள் சபையில் மறுபடியும் ஒரு பயணம் போக வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. வேண்டாம் என்றேன். “ஆன்ட்டிக்கு ஊழிய பாரம் குறைஞ்சிடுச்சு” என்றார் ஒருவர்; ஊழியத்தில் அக்கறை போய்விட்டதாம். ஓட்டு ஏழுக்கு இரண்டு. அந்த இன்னொரு ஓட்டு யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உங்கள் படத்தில் இருக்கிற கம்போடியா கதையும் தூரம் இல்லை. 2011-இல் அந்த நாட்டு அரசும் யுனிசெஃப்பும் சேர்ந்து நடத்திய ஆய்வில், இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் தாய் தகப்பன் இரண்டு பேருமே இல்லை என்று தெரிந்தது. அதற்கு முந்தைய ஐந்து வருஷத்தில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியிருந்தது. சண்டையும் கொலையும் முடிந்து பல வருஷம் ஆன நாட்டில் அநாதைகள் கூடுவானேன்? பார்க்க வருகிறவர்கள் கூடினார்கள், அதனால் இல்லங்கள் கூடின, இல்லங்களை நிரப்பப் பிள்ளைகள் வேண்டியிருந்தது. ‘குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் அல்ல’ என்று அதே வருஷம் அங்கே பிரச்சாரமே நடத்தினார்கள். ஆஸ்திரேலியாவில் 2018-இல் நவீன அடிமைத்தனத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தபோது, இப்படி இல்லங்களுக்குப் பிள்ளை பிடிப்பதையும் அடிமைத்தனத்தில் ஒரு வகையாகக் கணக்கில் எடுத்தார்கள். 2019-இல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்திலும் இந்தத் தன்னார்வப் பயணங்களின் கேட்டைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை இந்தப் பயணங்களிலிருந்து திருப்பிக் கூப்பிடத் தொடங்கிய நேரத்தில் நாம் டீ-ஷர்ட் அடித்துக்கொண்டு கிளம்புகிறோம்.

சட்டம் என்றதும் உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது. இல்லம் நடத்துகிறவர் 41-ஆம் பிரிவின்படி பதிவு செய்தாக வேண்டும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் விசாரணை பற்றிய செய்தியில் பெயர், பள்ளி, படம் எதுவும் வெளிவரக் கூடாது என்கிறது 74-ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். குழந்தைகள் நலக் குழு முன்னால் நிற்கும் நம் ஊர்ப் பிள்ளையின் முகத்தை நீங்கள் மறைத்துப் போடுவதை நானே பார்த்திருக்கிறேன். நல்ல விஷயம். அந்த மறைப்பு கம்போடியப் பிள்ளைக்கு ஏன் கிடையாது? சொந்தக்காரர்கள் தமிழ்ப் பேப்பர் படிக்க மாட்டார்கள் என்பதாலா?

இன்னொரு விஷயத்தையும் யோசித்துப் பாருங்கள். எங்கள் குடியிருப்பில் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம்கூட வாட்ச்மேன் பெயர், நேரம் எழுதி வாங்குகிறார். முன்பின் தெரியாத பத்துப் பேர் வந்து நம் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சிப் படம் எடுத்துக்கொண்டு போக விடுவோமா? காத்மாண்டுவில் எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. போலீஸ் சான்றிதழ் கிடையாது, அடையாள அட்டை கிடையாது. பாட்டுப் பாடத் தெரிந்தால் போதும். பாட்டும் சும்மா இல்லை. மதம் மாற்றினால் ஐந்து வருஷம் வரை சிறை என்று நேபாளத்தில் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாம் பாடிவிட்டு விமானம் ஏறிவிடுவோம். வழக்கு வந்தால் அங்கேயே இருக்கிற உள்ளூர் விசுவாசி மாட்டுவார்.

“போனால்தானே அக்கா நம் பிள்ளைகளுக்குப் பாரம் வரும், வாழ்க்கையே மாறும்” என்று எங்கள் ஆயர் கேட்டார். மாறத்தான் செய்கிறது. எங்கள் கூட வந்ததில் ஒரு பெண் சமூகப்பணி படித்து, இன்று உருப்படியான வேலை செய்கிறாள். ஆனால் நம் பிள்ளைகளின் வாழ்க்கை மாறுவதற்கு இன்னொருத்தி பிள்ளையின் தசைன் பண்டிகைதான் ஃபீஸா?

அந்த 4,08,000 ரூபாயை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கணவனை இழந்த தாய் போன்றவர்கள் பிள்ளையைத் தங்களோடே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது. அந்த அளவில் பார்த்தால் நாங்கள் எட்டு நாளில் செலவழித்தது ஒரு பிள்ளை எட்டரை வருஷம் அம்மாவோடு இருக்கப் போதுமான பணம். இந்தத் திட்டம் இருப்பதே தெரியாத அம்மாக்கள் ஓட்டேரியிலும் புளியந்தோப்பிலும் இருக்கிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அவர்களைக் கூட்டிப்போய், விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, வருமானச் சான்றிதழுக்கு வரிசையில் நிற்க ஆள் வேண்டும். பாஸ்போர்ட் வேண்டாம். இதைக் கமிட்டியில் சொன்னபோது யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அதில் படம் எடுக்க என்ன இருக்கிறது!

வெளியிலிருந்து வந்தவர்களில் உபயோகமாக இருந்தவர்களே இல்லை என்று சொன்னால் பாவம். நார்வேயிலிருந்து பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வருவார். நான்கு வருஷம் விடாமல் வந்தார். பிள்ளைகளோடு விளையாட மாட்டார். சமையலறைப் பக்கத்தில் ஆயாவோடுதான் உட்கார்ந்திருப்பார். கை கால் இழுத்துக்கொள்கிற ஒரு பையன் இருந்தான், ஊட்டினால் புரையேறும். எப்படிச் சாய்த்து உட்கார வைப்பது, கழுத்தை எங்கே தாங்குவது, ஸ்பூனை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று ஆயாவுக்குக் காட்டினார். ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலியை அறுத்து, பழந்துணியைச் சுற்றி அவனுக்கு இருக்கை செய்தார்கள். அடுத்த வருஷம் வந்தபோது அந்தம்மா எனக்கே வேலை வைக்கவில்லை. “இன்னும் கொஞ்சம்”, “மெதுவா”, “போதும் போதும்” என்று தமிழ் கற்றுக்கொண்டு வந்துவிட்டார். அவர் போன பிறகும் ஆயா இருந்தார், பையன் புரையேறாமல் சாப்பிட்டான். அவர் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

எங்கள் அம்மாவுக்குச் சொந்த ஊர் களக்காட்டுப் பக்கம். டோனாவூர் கதையைச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார். இன்றைக்கும் ஒவ்வொரு மிஷன் கூட்டத்திலும், டோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் பெயரைச் சொல்லாமல் பிரசங்கம் முடியாது. 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர், 1951-இல் டோனாவூரிலேயே கண்ணை மூடும்வரை ஒரு தடவைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. தமிழ் படித்தார், புடவை கட்டினார், பிள்ளைகளுக்கு அம்மாவாகவே ஆனார். 1931-இல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு கடைசி இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கை, அப்போதும் கிளம்பவில்லை. அவர் பெயரைச் சொல்லித்தான் ஒன்பது நாளுக்கு டிக்கெட் போடுகிறோம்.

திக்கற்ற பிள்ளைகளை விசாரிப்பதுதான் சுத்தமான பக்தி என்று யாக்கோபு நிருபத்தில் வருகிறது. பழைய ஆங்கில வேதாகமத்தில் அந்த இடத்தில் போய்ப் பார்ப்பது என்ற பொருளில் ‘விசிட்’ என்று இருக்கும். தமிழில் எவ்வளவு நல்ல வார்த்தை போட்டிருக்கிறார்கள்! எங்கள் ஊரில் ‘அவங்க நல்லா விசாரிப்பாங்க’ என்றால், உன் அம்மா எங்கே, சாப்பிட்டாயா, போன வாரம் சொன்ன பல்வலி என்னாயிற்று என்று கேட்கிறவர் என்று அர்த்தம். பதில் என்ன மொழியில் வந்தாலும் காது கொடுக்கிறவர்.

ஆகவே சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். வாலிபர்கள் வெளிநாடு போகட்டும், ஊர் பார்க்கட்டும், அங்குள்ள சபை ஜனங்களோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். பிள்ளைகளை நிகழ்ச்சி நிரலில் போடாதீர்கள். இல்லத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், டிக்கெட் போடுவதற்கு முன்னாலேயே அந்த நிர்வாகிக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள்: எத்தனை பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ இருக்கிறார்கள், போன வருஷம் எத்தனை பேரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினீர்கள், வருகிறவர்களைப் பிள்ளைகளிடம் விடுவதற்கு என்ன விதி வைத்திருக்கிறீர்கள். எந்த விதியும் இல்லை, தாராளமாக வாருங்கள் என்று பதில் வந்தால் போகாதீர்கள்.

உங்களுக்கும் ஒன்று. அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால் முகங்களை மறைத்துப் போடுங்கள், ‘ஆதரவற்ற’ என்று எழுதுவதற்கு முன் யார் சொன்னார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் அங்கே மொழிபெயர்த்தவரை உங்கள் நிருபர் போனில் பிடிக்கட்டும். முதல் தடவை சொல்ல மாட்டார். மறுபடியும் கேட்கச் சொல்லுங்கள்.

அந்த நேபாளத்துப் பையனுக்கு இப்போது ஏறக்குறைய இருபது வயது இருக்கும். தசைனுக்கு வீட்டுக்குப் போகிறானா என்று தெரியவில்லை.

கடிதத்தைப் போட்டால் என் பெயரைப் போட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அதே சபையில், அதே பெஞ்சில்தான் நான் போய் உட்கார வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை,
அயனாவரம், சென்னை – 23.